வேடம் கலைந்த பிறகு: எர்த்சீ நாவலைக் குலசையிலிருந்து மறுவாசித்தல்



அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவில் ஒரு மந்திரவாதி கதையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அழைப்பிதழில் பார்த்ததும் தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பஞ்சமி நிலத்தை மீட்டாயிற்றா, வன்கொடுமை வழக்குகளில் எல்லாம் தண்டனை வாங்கிவிட்டோமா, அதற்குள் மாயாஜாலம் பேச வந்துவிட்டீர்களே என்றார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குள் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தலித் எழுதினால் தன் காயத்தை எழுத வேண்டும், தலித் படித்தால் தன் காயத்தைப் படிக்க வேண்டும் என்று பதிப்பகமும் பல்கலைக்கழகமும் நமக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றன. கனவு காண்பது வேறு ஆட்களுடைய வேலை என்றாகிவிட்டது. 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாம் இழந்த ரோகித் வெமுலா, கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். நட்சத்திரங்களை நேசித்த பிள்ளை. அவரை நினைத்தாவது ஒருநாள் நாம் வானத்தையும் கடலையும் கற்பனையையும் பேசலாம்.

பேச்சை அச்சிட்டுக் கையில் கொடுக்கும் வழக்கத்துக்கும் நம்மிடம் ஒரு வரலாறு உண்டு. 1936இல் லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டலம், தலைமையுரை ஆற்ற அழைத்த அம்பேத்கரின் உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு மாநாட்டையே நிறுத்தியது. பேசாமல் போன அந்த உரையை அவர் தன் செலவில் அச்சிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’. அதன் தொடக்கப் பகுதியில் நிழலைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் நாவல்.

உர்சுலா கே. லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1968இல் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ என்ற நாவலை எழுதினார். எர்த்சீ ஒரு கடல் உலகம், எங்கும் தீவுகள். கோன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் தாயில்லாப் பையன்தான் கதாநாயகன். கொல்லன் மகன். அவனுக்குள் மந்திர ஆற்றல் இருப்பது தெரியவருகிறது. ரோக் என்ற தீவில் இருக்கும் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். அங்கே ஜாஸ்பர் என்ற பெரிய வீட்டுப் பிள்ளை, இவன் ஆட்டுக்கார ஊரிலிருந்து வந்தவன் என்பதைச் சொல்லாமல் சொல்லிக் குத்திக்கொண்டே இருக்கிறான். அந்தக் குத்தல் பொறுக்காமல், தன் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்ற வெறியில், செத்தவர் ஆவியை எழுப்புகிறான். உலகம் கிழிந்து, கறுப்பான நிழல் ஒன்று வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. மிச்சக் கதை முழுக்க அந்த நிழலுக்கும் இவனுக்கும் நடப்பது.

எங்கள் வாசிப்புக் குழு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இந்த நாவலை வாசித்தது. சிலருக்கு இது இரண்டாவது, மூன்றாவது தடவை. கல்லூரிக் காலத்தில் படித்தவர்கள் பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் வாசித்து உடனுக்குடன் தமிழில் சொல்ல, மற்றவர்கள் கேட்டோம். ஜாஸ்பர் வரும் பக்கங்களில் விடுதி மாணவர்கள் யாரும் விளக்கம் கேட்கவில்லை. “கோட்டாவா, மெரிட்டா?” என்று முதல் நாளே கேட்கும் வகுப்புத் தோழனை அவர்களுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டேதான் கேட்பான்.

நிறத்தைப் பற்றிய இடம்தான் கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. முதல் அத்தியாயத்திலேயே கிழக்கிலிருந்து கொள்ளையடிக்க வரும் கார்காட் வீரர்கள் வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் உள்ளவர்கள். கதாநாயகன் செம்புப் பழுப்பு நிறம். அவனுடைய உயிர்த் தோழன் வெட்ச் நல்ல கறுப்பு. “அப்ப ஹீரோ நம்ம நிறமாண்ணே?” என்று ஒரு தங்கை கேட்டாள். அதுவரை மனசுக்குள் அவனை வெள்ளைக்காரப் பையனாகவே வைத்திருந்திருக்கிறாள். அவள் மட்டுமா? மந்திரவாதி என்றால் வெள்ளைத் தாடி, அவன் சீடன் என்றால் நீலக் கண் என்று உலகத்துக்கே படம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வாசகர் கதாநாயகனோடு ஒட்டிக்கொண்ட பிறகு நிறம் தெரியட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னதாக லெ குவின் பின்னால் எழுதியிருக்கிறார். 1968இல், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டில், அது சின்ன காரியமில்லை. அப்படியும் பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெளுக்கவைத்தார்கள். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று தொடராக எடுத்தபோது கதாநாயகனாக ஒரு வெள்ளை நடிகரைப் போட்டது. லெ குவின் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். (நம் சுவரொட்டிகளில் அண்ணலின் கன்னத்துக்கு ரோஸ் பூசும் ஓவியர்கள் நம்மிடமும் உண்டு. அவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.)

இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். கதாநாயகன் கறுப்பு, வில்லன் வெள்ளை, ஆகவே முற்போக்கு நாவல் என்று பாராட்டிவிட்டுப் போய்விடலாம். பன்மைத்துவம் என்ற சொல்லை இன்று கம்பெனி விளம்பரம்கூட அப்படித்தான் பயன்படுத்துகிறது: விதவிதமான முகங்கள் ஒரே வரிசையில் நின்றால் போதும். அது போதாது என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரே போதும்.

குலசை தசரா உங்களுக்குத் தெரியாததல்ல. மாலை போட்டு விரதம் இருந்து, காப்புக் கட்டி, பத்து நாளும் காளி, எமன், குரங்கு, கரடி, போலீஸ், ராஜா ராணி, பிச்சைக்காரர் என்று வேடம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மன் கோயிலில் சேர்க்கிறார்கள். ஆண்கள் பெண் வேடமும் போடுகிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். இத்தனை விதமான உருவங்கள் ஒரே மணலில் நடமாடும் திருவிழா தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? எல்லாச் சாதிக்காரரும் வேடம் போடுகிறார்கள். உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர் காளியாக வந்தால், மற்ற நாள் ஏறிட்டும் பார்க்காத வீட்டு வாசலில் தட்டு நிறைகிறது, காலில் விழுந்து திருநீறு வாங்குகிறார்கள். அந்தப் பத்து நாளின் மகிழ்ச்சி பொய் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சொல்கிறவர்கள் ஒரு தடவையாவது மேளத்தின் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் வணக்கம் வேடத்துக்குத்தான். காப்பை அவிழ்த்த மறுநாள் அதே வாசலில் அதே ஆள் நின்றால் நடப்பதை நாம் அறிவோம். தசரா நாளிலேயேகூட, சாதி அடையாளக் கொடிகளும் ரிப்பன்களும் கூடாது என்று காவல்துறை அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது. காளி வேடத்துக்கு மேலே சாதி ரிப்பனைக் கட்டிக்கொள்ள ஒருவருக்குத் தோன்றுகிறது என்றால் எது வேடம், எது உடம்பு? இன்னொன்றையும் கவனியுங்கள். யாருடைய உருவத்தைச் சிரிப்புக்காகப் போட்டுக்கொள்கிறார்கள்? குறவர் சமூகம் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2023இல்தான் ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்ற பெயரில் ஆபாச ஆட்டம் நடத்துவதைத் தமிழ்நாடு அரசு தடைசெய்தது. ஒருவருக்கு ஒரு ராத்திரி வேடிக்கை. இன்னொருவருக்கோ பள்ளிக்கூடத்தில் பிள்ளை கேட்கும் கேலி.

எர்த்சீ உலகத்திலும் உருமாற்றம் உண்டு. நாவலின் நாயகன் ஒருமுறை வல்லூறாக மாறிப் பறக்கிறான். அதிகநேரம் அந்த உருவத்திலேயே இருந்தால் தான் யார் என்பதே மறந்துவிடும் என்பது அந்த உலகத்தின் விதி. அவனை மீட்க அவனுடைய முதல் குருவால்தான் முடிகிறது. ஏனென்றால் அவனுடைய உண்மைப் பெயர் அவருக்குத் தெரியும்.

இங்கேதான் நாவல் நமக்கு நெருக்கமாகிறது. எர்த்சீயில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஊரார் கூப்பிடும் பெயர் ஒன்று. உண்மைப் பெயர் இன்னொன்று. உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு உன் மேல் அதிகாரம் உண்டு. அதனால் அதை உயிருக்கு உயிரான ஆளிடம் மட்டும் சொல்வார்கள். ஊர் அவனை ஸ்பேரோஹாக் என்கிறது. உண்மைப் பெயர் கெட். நிழலை அவிழ்த்துவிட்டு, முகம் கிழிந்து, பள்ளியே ஒதுங்கிப் போகும் நேரத்தில், வெட்ச் வந்து கேட்காமலேயே தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். நாவலில் வரும் மந்திரங்கள் எல்லாவற்றையும்விட எங்களுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

லெ குவினுக்கு இந்தக் கருத்து வெறும் கற்பனையிலிருந்து வந்திருக்காது என்று நினைக்கிறோம். அவருடைய அப்பா ஆல்ஃபிரட் குரோபர் மானுடவியலாளர். வெள்ளையர் குடியேற்றத்தில் அழிக்கப்பட்ட யாகி பழங்குடியின் கடைசி மனிதர் 1911இல் கலிபோர்னியாவில் ஒரூவில் நகரத்துப் பக்கம் தனியாக வந்து நின்றபோது, அவரைச் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்து தங்கவைத்தவர்களில் ஒருவர். அந்த மனிதர் 1916இல் இறக்கும்வரை தன் பெயரைச் சொல்லவே இல்லை. தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் மரபில் இல்லை. சொல்ல வேண்டிய சனமோ உயிரோடு இல்லை. ‘இஷி’ என்று அழைத்தார்கள். அவர் மொழியில் மனிதன் என்று பொருள். லெ குவினின் அம்மா தியோடோரா குரோபர் 1961இல் இஷியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அடுத்த ஏழாம் ஆண்டு மகள் இந்த நாவலை எழுதுகிறார்.

பெயரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை. நம் ஊர்களில் அந்த உரிமை யாருக்கு இருந்தது? எழுபது வயது தாத்தாவைப் பத்து வயதுப் பையன் “ஏலே” போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நல்ல பெயர் வைத்தால் அதைச் சிதைத்துக் கூப்பிட்டார்கள். நம் தலைவர்கள் பெயருக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசாங்கம் பழைய இழிபெயர்களை விட்டு ‘ஆதிதிராவிடர்’ என்பதை ஏற்றது. 2021இல் ஏழு பிரிவுகள் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்ற ஒரே பெயரில் வர நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தப் பெயரின் அரசியல் பற்றி இந்த அவையிலேயே இரண்டு கருத்து உண்டு. ஆனால் என்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று நான்தான் சொல்வேன் என்ற கோரிக்கையில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

மாணவர்களில் பலர் பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1997இல் விருதுநகரில் அமைந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். நம் தூத்துக்குடி மாவட்டத்துக் கவர்னகிரியில் பிறந்தவர், கட்டபொம்மனின் படைத்தளபதி, தேவேந்திரர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் மறித்தார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. அரசு கடைசியில் என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. 1986இல் பிறந்தபோது ‘சிதம்பரனார் மாவட்டம்’ ஆக இருந்த நம் மாவட்டம் வெறும் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்படித்தான். ஒரு தலித்தின் பெயரைத் தாங்க முடியாத சமூகம் வ.உ.சி. பெயரையும் கட்டபொம்மன் பெயரையும்கூட இழக்கச் சம்மதித்தது. எர்த்சீயில் ஒரு பெயரைச் சரியாகச் சொன்னால் கடல் அடங்கும். இங்கே ஒரு பெயரை எழுதியதும் பேருந்து நின்றுவிட்டது.

இப்போது நிழலுக்கு வருவோம். பேஷ்வாக்கள் ஆட்சியில், சாதி இந்து எதிரே வரும்போது தீண்டப்படாதவர் தெருவில் நடக்கக் கூடாது, நிழல் பட்டால் தீட்டு என்ற விதியை ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் எடுத்துச் சொல்கிறார். நம் நிழலே குற்றம். நாவலை முதல்முறை படிக்கிறவர்களுக்கு அந்தக் கறுப்பு நிழல் வெளியிலிருந்து வந்த பேய் என்றுதான் தோன்றும். கெட்டும் அப்படித்தான் ஓடுகிறான், ஒவ்வொரு தீவாக. அவனுடைய பழைய குருதான், ஓடாதே, திரும்பி நின்று அதைத் துரத்து என்கிறார். கிழக்குக் கடலின் விளிம்பில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது, நிழலின் பெயர் தெரிந்துவிடுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள்: கெட். அது அவனுடைய சொந்த ஆணவம், சொந்தச் சாவு. வேறு யாருடையதும் அல்ல.

மறுவாசிப்பில் எங்களுக்கு இது இப்படிப் பட்டது. சாதி என்பது தன் நிழலை அடுத்தவன் முதுகில் ஏற்றிவிடும் ஏற்பாடு. தன் வீட்டு மலம், தன் வீட்டுச் சாவு, தன் செத்த மாடு, எல்லாவற்றையும் இன்னொரு பிறவியின் பெயரில் எழுதிவைத்துவிட்டு, பிறகு அந்தப் பிறவியின் நிழலைக் கண்டு அஞ்சுகிறது. அந்த நிழலைத் தன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியவர்கள் அவர்கள். இதைச் சொன்னதும் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம். ஆதிக்க சாதிக்குச் சொல்லும் பாடம் என்றால் தலையாட்டுவது எளிது. ஆனால் மறுவாசிப்பு அங்கே நிற்கவிடவில்லை. காரணம், லெ குவினே தன் நாவலை மறுவாசித்தவர்.

அவருடைய மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று கோன்ட் தீவில் ஒரு பழமொழியே வைத்திருக்கிறார். நிறவெறியைக் கவிழ்த்தவர் கண்ணுக்கு அது அப்போது உறுத்தவில்லை. 1972இல் மூன்றாம் நாவலோடு கதை முடிந்தது என்றார்கள். பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு, 1990இல், ‘டெஹானு’ வருகிறது. அதில் கெட் ஆற்றல் முழுவதையும் இழந்த நடுவயதுக்காரன். மையத்தில் இருப்பவர்கள் டெனார் என்ற விவசாயியின் விதவையும், அவள் எடுத்து வளர்க்கும் தெர்ரு என்ற சிறுமியும். பெற்றவர்களே வன்கொடுமை செய்து நெருப்பில் தள்ளிய குழந்தை அது. ஒரு பக்க முகம் வெந்து, ஒரு கண் போய், ஒரு கை நகம்போல் மடங்கியிருக்கிறது. ஊர் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பார்த்தால் கெட்டது நடக்கும் என்று பயம். வாசகர்களில் ஒரு பகுதி இந்த நாவலை வெறுத்தது. மந்திரமும் வீரமும் இருந்த உலகத்தைக் கெடுத்துவிட்டார், பெண்ணியம் பேசுகிறார் என்றார்கள். லெ குவின் பழைய நாவலைத் திருத்தவில்லை, மறைக்கவில்லை. அதே உலகத்துக்குள் திரும்பப் போய், கதவுக்கு வெளியே யார் நின்றார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எழுதினார்.

பார்க்கக் கூடாத குழந்தை என்றதும் எங்களுக்கு நினைவு வந்தது நம் ஜில்லா. 1932 டிசம்பர் ‘தி இந்து’வில் வந்த செய்தி ஒன்றை அம்பேத்கர் தன் எழுத்தில் எடுத்துக் காட்டுகிறார். திருநெல்வேலி ஜில்லாவில் கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பகலில் வெளியே வர அனுமதியில்லை. நடுச்சாமத்திலிருந்து விடியும்வரை துணி வெளுக்கிறார்கள். புதிரை வண்ணார்கள். இந்தக் குலசையும் அன்று திருநெல்வேலி ஜில்லாதான். அவர்கள் வெளுத்தது யாருடைய துணியை? தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட நம் சேரிகளின் துணியை. நம் வீட்டுப் பிரசவத் துணி, தீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. சேரிக்குத் துணி வெளுத்து, தானியம் கூலி வாங்கிப் பிழைக்கும் ஆரோக்கியம் என்ற புதிரை வண்ணார் பெண்ணின் கதை. அதை எதிர்த்தவர்கள் நம் தரப்பிலேயே இருந்தார்கள். எதிரி கையில் ஆயுதம் கொடுக்கிறது, நம்மையும் ஒடுக்குபவர்களாகக் காட்டுகிறது என்றார்கள். அந்தக் கவலை அர்த்தமில்லாதது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நம் ஒற்றுமையை உடைக்கக் காத்திருப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அருந்ததியர் உள் ஒதுக்கீடு 2009இல் வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோதும் அதே கவலை எழுந்தது. எங்கள் வாசிப்பு வேறு பக்கம் நிற்கிறது. ‘டெஹானு’ எழுதியதால் எர்த்சீ சிறுத்துப்போகவில்லை. அதைப் படித்த பிறகுதான் முதல் நாவலில் கெட்டுக்கு முதல் மந்திரச் சொல் கற்றுக்கொடுத்த கிராமத்துச் சூனியக்காரச் சித்தியைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. ஆரோக்கியத்தின் அழுகுரல் இல்லாத தலித் இலக்கியம் எங்களுக்கு வேண்டாம்.

தமிழிலேயே இதற்கொரு மாயக்கதை உண்டு. லீனா மணிமேகலை 2019இல் எடுத்த ‘மாடத்தி’ படத்தைப் பாருங்கள். பார்க்கப்படக் கூடாதவளாக வளரும் புதிரை வண்ணார் பெண் யோசனா எப்படி மாடத்தி தெய்வமானாள் என்பது கதை. கொன்றுவிட்டுப் பீடம் போட்டுக் கும்பிடுவது தென்மாவட்டத்துக்குப் பழக்கமான கதைதான். ‘டெஹானு’வின் முடிவில் டிராகன் ஒன்று வந்து, தெர்ருவைத் தன் மகளே என்று அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. அவள் உயிரோடு இருக்கும்போதே கூப்பிடுகிறது. எங்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

கடைசியாக ஒரு காரியம். புதிரை வண்ணார் பட்டியல் சாதி. வண்ணார் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். நடுவில் இருப்பது ஒரே ஒரு சொல். 2009இல் இவர்களுக்கென நலவாரியம் வந்தது. அப்படியும் சான்றிதழில் அந்த முதல் சொல் விழாமல் போவதால் கல்லூரி இடத்தையும் உதவித்தொகையையும் இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா பெயரில் பழைய சான்றிதழ் இல்லை, ஊரில் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை, வண்ணார் என்றே வாங்கிக்கொண்டு போ என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். சாட்சி சொல்ல வேண்டிய ஊர் பெரும்பாலும் நம் தெருதான். விண்ணப்பம் எழுதவும், கிராம நிர்வாக அலுவலர் விசாரணையின்போது கூட நிற்கவும், மேல்முறையீடு போடவும் சட்டம் படிக்கும் தோழர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். தெரிந்த குடும்பம் இருந்தால், அவர்கள் சம்மதம் கேட்டுவிட்டு, அவர்கள் எந்தப் பெயரில் கூப்பிடச் சொல்கிறார்களோ அந்தப் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.